அமுங்கிய எலும்பும் ஏறிய எண்ணும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

என் முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நொறுங்கிவிட்டன. ஒன்று போன வாரம், இன்னொன்று எனக்கே தெரியாமல் அதற்கு வெகு நாள் முன்பே. நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் குண்டுப்பயலும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் எப்போதும்போலத் தொடங்க உட்கார்ந்தேன், ஆனால் அடுத்த வரியில் இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிவரும், இந்த முறை அது உண்மையாக இருக்காது. எழுந்து நடக்கிறேன், சாப்பிடுகிறேன், இதைக்கூடக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால் உடனே விமானச் சீட்டு வாங்க ஓடாதே. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டதும் நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் இப்போது இப்படி நிமிர முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு விடுதிக்காரர் பழைய மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சு அடித்துப் புதிதாகத் தைத்துத் தரச்சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஒன்றைத் திருப்பிப்போடக் குனிந்தேன். தூக்கக்கூட இல்லை, ஓரத்தைப் பிடித்துத் திருப்பினேன், அவ்வளவுதான், முதுகுக்குள் காய்ந்த குச்சி ஒடிந்தது மாதிரி இருந்தது, அப்படியே மெத்தை மேலேயே குப்புற விழுந்துவிட்டேன். பஞ்சு அடிக்கிற நம் மீசைக்காரர் ஓடிவந்து, விழுந்தாலும் முதலாளியம்மா சொந்தச் சரக்கு மேலதான் விழுவாங்க என்றார். சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு முதுகில் போய்க் குத்தியது, அப்போதுதான் இது வழக்கமான பிடிப்பு இல்லை என்று தெரிந்தது. உன் அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றார். பழசு எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாதான், போன வருடம் மேல்தட்டிலிருந்து தலையணைக் கட்டை இழுத்தபோது சுளுக்கு என்று சொல்லி நெடுநாள் வெந்நீர்ப் பை கட்டிக்கொண்டிருந்தாளே, அதுவாக இருக்கும் என்றார். நீகூட அப்போது ஏன் குரல் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டாய். கோணலாகப் படுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியவேண்டிய விஷயம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வருடம் ஆனதும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். முதல் ஸ்கேன் காகிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பார்த்தேன். முதுகு என்று போட்டிருந்த இடத்தில் எண் நன்றாக ஏறியிருந்தது. காலமெல்லாம் எண்ணைப் பார்த்துச் சம்பாதித்தவள், இதைப் படிக்க இன்னொருத்தர் வேண்டுமா, டாக்டரிடம் காட்டப்போனால் அரைநாள் வியாபாரம் போகுமே என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, எலும்பு வளர்ந்துவிட்டது, நீ ஆசைப்பட்ட அந்தப் படிப்பில் சேர், ஒரு வருடம் பிள்ளையை என்னிடம் விடு என்று வாக்குக் கொடுத்தேன். உன் மாமியார் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோதும் நான் விடவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் சம்பந்தி, எனக்கு எலும்புக்கு வயது குறைந்துகொண்டு வருகிறது என்று பேசி அவர்கள் வாயை அடைத்தேன். நீ என் பேச்சை நம்பித்தான் சேர்ந்தாய். கடையில் இத்தனை வருடத்தில் கொடுத்த வாக்கிலிருந்து நான் பின்வாங்கியது கிடையாது. உன்னிடம் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் டாக்டரம்மா அந்த இரண்டு காகிதத்தையும் எக்ஸ்ரேயையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "எண் ஏறினது எலும்பு வளர்ந்ததால இல்லம்மா, எலும்பு அமுங்கினதால" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். எலும்பு நொறுங்கி உட்கார்ந்துவிட்டால், முன்பு விரிந்து இருந்த அதே சுண்ணாம்புச்சத்து சின்ன இடத்துக்குள் நெருங்கிவிடுகிறது, ஸ்கேன் இயந்திரம் இந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கும், அடர்த்தி கூடிவிட்டது என்று எண் போடும். அதைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டது. பழைய மெத்தையில் படுத்துப் படுத்து நடுவில் கட்டிதட்டிப்போன இடத்தை அழுத்திப் பார்த்தால் கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். அதைக் காட்டி உறுதியான மெத்தை என்று விற்பவனை நான் திருடன் என்று திட்டியிருக்கிறேன். அதே சரக்கை என் முதுகில் நானே வாங்கி உன்னிடம் விற்றுவிட்டேன். அந்தக் காகிதத்திலேயே கீழே இடுப்பெலும்புக்கு ஒரு எண் இருந்தது, அது முதல் தடவையைவிடக் குறைந்திருந்தது. லாபம் தெரிந்த வரியோடு நான் நிறுத்திக்கொண்டேன், அடுத்த வரியைப் படிக்கவில்லை.

உயரம் பார்த்த நர்ஸ் பெண்ணிடம் சண்டை வேறு போட்டேன். போன தடவையைவிட மூன்று விரற்கடை குறைவு என்றாள், உன் அளவுகோல் சரியில்லை, வேறு கொண்டுவா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உன் அப்பாவை நிற்கவைத்து அளந்து காட்டினாள், அவருக்குப் பழைய உயரம் அப்படியே இருந்தது. ஆண்டுக்கொருதரம் உயரம் பார்ப்பது இதற்குத்தானாம், வலியில்லாமல் நொறுங்குகிற எலும்பை உயரம்தான் காட்டிக்கொடுக்குமாம். மேல்தட்டு எட்டவில்லை என்று நான் தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். எலும்பு எந்த வேகத்தில் கரைகிறது என்று அதில் தெரியுமாம், மாத்திரை வேலை செய்தால் அந்த வேகம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டுமாம். எனக்குக் குறையவே இல்லை, மாத்திரையே சாப்பிடாத ஆளுக்கு இருப்பதுபோல இருந்தது. ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன், அட்டைகளை எண்ணிக் காட்டவும் தயார் என்றேன். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், வாரம் ஒருநாள் காலையில் கடை திறக்கும் முன், எலும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஒரு டம்ளர் பால், மூன்றையும் ஒன்றாக. மூன்றும் ஒரே இடத்துக்குப் போகிற சரக்கு, எதற்குத் தனித்தனி வண்டி, ஒரே லோடாக அனுப்புகிறேன் என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாலும் கால்சியமும் வயிற்றிலேயே அந்த மாத்திரையைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுமாம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் வேறு எதுவும் வாயில் போடாமல் இருந்தால்தான் உள்ளே சேருமாம். "இரண்டு வருஷமா நீங்க மாத்திரையை வாங்கியிருக்கீங்க, சாப்பிடலை" என்றார். அப்பா முதல் வாரமே அந்த மடிப்புக் காகிதத்தைப் படித்துவிட்டு இதைத்தான் சொன்னார், மருந்துக் கம்பெனிக்காரன் பத்தும் எழுதுவான், கடை திறக்க நேரமாகிறது என்று நான்தான் காகிதத்தை வாங்கிக் கசக்கிப் போட்டேன். அவர் டாக்டரம்மா சொன்னதை மருந்துச்சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டேன். இரண்டு எலும்பு நொறுங்கிய பிறகு அதை நம்பி இன்னும் காத்திருக்க அவருக்கு மனமில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றுகிறார். விலையைக் கேட்காதே, இரட்டை மெத்தை ஒன்றும் தலையணை இரண்டும் வாங்கலாம், அது பரவாயில்லை. என்னை யோசிக்கவைத்தது வேறு. இந்த ஊசியை நினைத்தபோது நிறுத்த முடியாது, தள்ளிப்போடவும் முடியாது, விட்டுவிட்டால் எலும்பு முன்னைவிட வேகமாகக் கரைந்து ஒன்றுக்கு நாலாக நொறுங்குமாம், நிறுத்த வேண்டுமென்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். வெளியே வர வழியில்லாத ஒப்பந்தம் எதிலும் நான் இதுவரை மாட்டியதில்லை. வியாபாரம் சூடாக இருக்கும் மாதமாக வந்தால் கொஞ்சம் தள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். இப்படிக் கேட்பவர்களுக்கு இந்த ஊசி போடத்தான் தனக்குப் பயம் என்று அவர் சொன்னார்.  இந்த ஊசிக்கு முன் பல்லில் கோளாறு இருக்கக்கூடாதாம், பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து முதல் ஊசி நேற்றுப் போட்டாயிற்று. இது வேலை செய்கிறதா என்பதை அடுத்த ஊசிக்கு முன் ரத்தத்தில் பார்ப்பார்கள், ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் அதே இயந்திரத்தில் ஸ்கேன், இடுப்பெலும்பு எண்ணைப் பார்ப்பார்கள், போகும்போதெல்லாம் உயரம். அதெல்லாம் நன்றாக வந்தாலும் இனி நொறுங்காது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். உத்தரவாதம் கேட்டே சரக்கு வாங்கிப் பழகியவளுக்கு இதுதான் தாங்கமுடியவில்லை அம்மாடி.

கிளம்பும்போது, நீங்கள் தூக்குவதிலேயே கனமானது எது என்று கேட்டார். மெத்தைக் கட்டு என்றேன், அது இன்றோடு நின்றது என்றார். நான் எழுந்துவிட்டேன், அப்பாதான் உட்கார்ந்தபடியே, பேரன் வரப்போகிறான் என்றார். நீ போன கடிதத்தில் பன்னிரண்டு கிலோ என்று பெருமையாக எழுதியிருந்தாய், அதையும் சொன்னார். தூக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. "அவன் கையை நீட்டினா என்ன பண்றது?" என்று கேட்டேன். "நீங்க உக்காந்துக்கோங்க" என்றார்.  மறுநாள் கடையில் ஏணியைக் காணோம். கேட்டால் அப்பா யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறாராம், யாருக்கு என்று மறந்துவிட்டதாம்.

நீ இதைப் படித்ததும் படிப்பை விட்டுவிடுகிறேன் என்பாய். விடாதே. நான் படிக்காமல் விட்டதால்தான் இன்னும் ஒவ்வொரு காகிதத்தையும் பாதிதான் படிக்கிறேன். என் எலும்பில் பாதி உனக்கும் வந்திருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு, பாலும் வெயிலும் உனக்கும் வேண்டும், நடக்கிற தூரத்துக்குக் கார் எடுக்காதே. வீட்டுக்கடனைப் பற்றி அவர் கேட்டதற்குப் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை என்று மாப்பிள்ளையிடம் சொல், தனியாக எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். நீ நினைத்ததை முடித்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்கவேண்டும், உன் பிள்ளை ஓடி விளையாடி எலும்பு கெட்டியாக வளரவேண்டும், அவ்வளவுதான் இப்போது நான் கேட்பது. மறக்காமல் அவனுடைய தடுப்பூசிக் காகிதங்களை எடுத்துக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போடாதே.

பிள்ளை வருவது மாறவில்லை. நேற்று ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் நானே உன் மாமியாருக்குப் போன் செய்தேன். எலும்புக்கு வயசு குறையுதுன்னீங்களே சம்பந்தி என்று கேட்டார்கள், கேட்க உரிமை உண்டு, கேட்டுக்கொண்டேன். பேசி முடித்தது இது. உன் மாமியார் பிள்ளையோடு வந்து ஒரு வருடமும் இங்கேயே தங்குவார்கள். உள் அறை அவர்களுக்கு, சமையலறையில் அவர்கள் சொல்வதுதான். பஞ்சு மெத்தை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம், எதிர்க்கடையில் நுரைமெத்தை ஒன்று சொன்ன விலைக்கே வாங்கிப் போட்டுவிட்டேன். பஞ்சு பறக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரக்கூடாது, நான்தான் கடையை விட்டு வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். குளிப்பாட்டுவது, தூக்குவது, தோளில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அவர்கள். நான் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் அவன் என் மடியில் இருக்கலாம், அவன் எழ வேண்டுமென்றால் நான் அவர்களைக் கூப்பிட வேண்டும். தொட்டிலிலிருந்து எடுப்பதை மட்டுமாவது எனக்கு விடுங்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

உன் அம்மா