ஐந்தாவது டிரம்

ஆகஸ்ட் 6, ஞாயிறு
வெயில். காற்றில் கரும்புக் கரி. வெள்ளைப் புடவை மறுபடி அலசியாயிற்று.

ஓடையில் எண்ணெய் ஊற்றியது நான் அல்ல. கோவிலில் பேசுவது பொய். அங்கே ருக்மணி, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "கான்வென்ட்டு படிச்ச கையாச்சே. ஊத்தினாலும் நாசூக்காத்தான் ஊத்தியிருக்கும்."

நடந்தது இதுதான். கராஜ் மூடியாயிற்று. மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கி முனையில் ஆட்சிக் கவிழ்ப்பு, ஜூலையில் மகன் தேவனுக்கு விசா, போன வியாழன் அவன் பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறியாயிற்று. பின்பக்கம் பழைய எஞ்சின் எண்ணெய், ஐந்து டிரம். புது எண்ணெய் விற்கும் கம்பெனியே தன் செலவில் பழையதை எடுத்துப்போகும் திட்டம். சர்க்கரை ஆலை உலையில் எரிப்பார்களாம். செவ்வாயன்று லாரி வந்தது. நான்கை ஏற்றினார்கள். ஐந்தாவதில் ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். "உரிமையாளர் பொறுப்பு." நல்லது கம்பெனிக்கு, கெட்டது நமக்கு. இதற்கு ஒரு திட்டம், ஒரு போஸ்டர், ஒரு தொப்பி.

வெள்ளிக்கிழமை ஓடை கறுப்பு. டிரம் காலி. திருடன் எவனோ டிரம்முக்கு ஆசைப்பட்டுக் கவிழ்த்துவிட்டு, தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

7, திங்கள்
வாங்க: சோப்பு, தபால் தலை, டீத்தூள்.
மெரே வந்தாள். ஓடை கடலில் சேரும் இடத்தில் நண்டு பிடித்து விற்பவள். பையை என் படியில் வைத்தாள். "மேடம், மோந்து பாரு. இத யாரு வாங்குவா?" (பேசியது இந்த ஊர் இந்தியில்.) மோந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், இதுவரை உட்காராமல் போனதில்லை.

8, செவ்வாய்
கம்பெனிக் கடிதம். விளக்கம் வேண்டுமாம், இல்லாவிட்டால் வாசல் போர்டைக் கழற்றுவார்களாம். அவர் இருந்தபோது மாட்டிய போர்டு. ஒரு கரண்டி எண்ணெய் மண்ணில் விடாதவர்.
உடனே பதில். "இவ்வீட்டார் எவரும் செய்யவில்லை." முழுப் பெயர், கையெழுத்து. கன்னியாஸ்திரிகள் கற்றுத்தந்த எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. நானே தபாலில் சேர்த்தேன்.

10, வியாழன்
மழை வரும்போல, வரவில்லை. மூட்டுவலி.
அபிசாய் தன் பூட்ஸை எடுத்துப்போக வந்தான். அவர் காலத்து மெக்கானிக், தலை நரைத்தவன். டிரம்மைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. கேட்டேன்.
"தேவன் பாஸ் சொன்னாரு, மேடம். நா ஹோஸைப் புடிச்சேன்."
"எப்போ?"
"புதன் சாயங்காலம். நீங்க கோவிலுக்குப் போயிருந்தீங்க."
"ஏன் எங்கிட்ட சொல்லல?"
"மேடம் கேக்குற எடத்துல நிக்காதேன்னு பாஸ் சொன்னாரு."
டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். குடித்தான்.

11, வெள்ளி
தேவனுக்குப் போன்.
"ஒரு டிரம்முக்கா இவ்ளோ பேச்சு? நாடே பத்திக்கிட்டு எரியுது, ஓடைய யாரும்மா பாக்குறா? சோடோ நா, விட்டுடு."
"மெரே பாக்குறா. நீ ஊத்தினியா?"
"லைன் சரியில்லம்மா."
லைன் நன்றாகவே இருந்தது. அவன் பின்னால் யாரோ சிரித்ததுகூடக் கேட்டது.
சாப்பிடவில்லை.

12, சனி
புடவை மறுபடி வெளுத்தாயிற்று. கரி போகவில்லை.
அபிசாய் சொன்னதை வைத்துக் கம்பெனிக்கு எழுதினால் பழி அவன் தலையில்தான் நிற்கும். ஹோஸ் பிடித்தவன் அவன்தானே என்பார்கள். எழுதாவிட்டால் என் கையெழுத்துக்குக் கீழே பொய்.
தேவனுக்கு எழுதியது, நகல்:

"நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. திருத்த வேண்டும். மெரே வீட்டுக்கு, உண்மையைச் சொல்ல, இன்று நானே போகிறேன். அதற்கு நீ தேவையில்லை. கம்பெனிக்கு நீ தேவை. ஊற்றச் சொன்னது நீ, அபிசாய் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போடு. போன் வேண்டாம். தமிழ் உனக்கு எழுத வராது, அது என் தவறு. ஆங்கிலத்தில் எழுது. பதிலைத் தபாலில் அனுப்பு."