டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம்

பிப்ரவரி 6, 2025. சங்ககிரி

நாக்பூரிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. காய்ச்சல் விடவில்லை. முதுகில் இடது பக்கம் ஸ்பேனரை மாட்டித் திருகுகிற மாதிரி வலி. இவர் மாத்திரை வாங்கி வைத்துவிட்டு லாரிக்கு கிரீஸ் அடிக்கப் போயிருக்கிறார். சனிக்கிழமை இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு. அதற்குள் சரியாகிவிடும். சரியாகிவிட வேண்டும்.

பிப்ரவரி 7

சரியாகவில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். கிட்னியில் கிருமியாம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"ஊட்ல இருக்கறப்பங்களா, லாரிலங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சொன்னேன். கொரோனா முடிந்த வருஷம் மாற்று டிரைவர் கிடைக்காமல் நானே ஹெவி லைசென்ஸ் எடுத்தது, நாலு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டுவது, எல்லாம். காலையில் வண்டி ஏறும்போது இரண்டு மடக்கு. மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர். இருட்டிய பிறகுதான் வயிறு நிறைய. ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. பெண்தானே.

பிறகு இவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காது. மூணு லிட்டர் குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது."

வீடு வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீ இனிமே வர வேண்டாம் நர்மதா" என்றார்.

பிப்ரவரி 8

ஜெயபிரகாஷ் என்று ஒரு டிரைவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

என்னைக் கேக்கோணும்னு தோணல பாரு. நாலு வருஷம் ஓட்டினது யாரு? சோலாப்பூர் பக்கத்துல மழையில பிரேக் அடிக்காம கியர்லயே வண்டிய நிறுத்தினது யாரு? "வர வேண்டாம்" — அவ்வளவுதான். ஒரு ஸ்டெப்னி டயரைக் கழட்டி வைக்கறாப்பல.

பிப்ரவரி 11

மூன்று லிட்டர் குடித்தேன். கக்கூஸ் பத்தடி தூரத்தில் இருக்கிறது. அழுகை அழுகையாக வருகிறது.

பிப்ரவரி 14

தனப்பிரியா கோவை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "ஊட்லயே இரும்மா. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" பத்தொன்பது வயதில் எனக்கு அம்மா மாதிரி பேசுகிறாள். சரி சாமி, சரி சாமி என்றேன்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? விடியும்போது ஹிங்கன்காட் தாண்டி, கண்ணாடிக்கு வெளியே பருத்திக்காடு வெளுத்து வரும். இவர் பின்னால் பலகையில் தூங்குவார். பதினாறு டன் சரக்கும் ஒரு மனுஷனும் என் கையில். அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. அதை எப்படி ஒரு குழந்தையிடம் சொல்வது?

பிப்ரவரி 21

வந்துவிட்டார். குளித்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவப் போனேன். "உக்காரு, ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

"போறப்ப ஒரு நா நானும் உன்னைய மாதிரி இருந்து பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"கர்னூல்ல காலைல ஆறு மணிக்கு நெனச்சேன். பொம்பள போற எடம் இருந்தாத்தான் போறதுன்னு. மொதோ பங்க்ல பூட்டு. அடுத்ததுல தாழ்ப்பா இல்ல. இன்னொண்ணுல கதவு முன்னாலயே பத்துப் பேரு பீடி குடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. டீ குடிக்கப் பயம். தண்ணி குடிக்கப் பயம். நிர்மல் டவுன் தாண்டி நாலு மணிக்கு மேல ஸ்டியரிங்கப் புடிக்க முடியல. ஜெயபிரகாஷ் பயந்துட்டான். எறங்கி ரோட்டோரமா நின்னு போயிட்டேன்." பிறகு சொன்னார்: "நான் ஆம்பள. போயிட்டேன். நீ நாலு வருசம் எப்படிப் புள்ள வந்த?"

"பழகிருச்சுங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வர வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான்."

தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தானே சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எச்சில் கை. காயும்வரை அப்படியே இருந்தோம்.

பிப்ரவரி 24

செல்போனை என்னிடம் நீட்டினார். ஒரு வீடியோ. பாய்மரப் படகு. உள்ளே ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டில் அடியில் ஒரு டேங்கை நகர்த்தி நகர்த்தி வைக்கிறாள். அவள் பேசுவது எங்கள் இருவருக்கும் புரியாது. ஆனால் கை செய்கிறது தெரிகிறதே. கக்கூஸிலிருந்து ஒரு குழாய் டேங்குக்கு வருகிறது. கடலில் விடாமல் டேங்கிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கரைக்கு வந்து அதற்கான இடத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

"இத மூணு நாளாத் தேடினேன். ரயில் பாத்தேன், பஸ் பாத்தேன், எல்லாம் பெரிசு. படகுதான் நம்ம கேபின் அளவுக்கு இருக்குது. அதும் ஆடுது, நம்மளும் ஆடறோம்."

நான் கடலைப் பார்த்ததே வாழ்நாளில் இரண்டு தடவை. படகில் ஏறியதில்லை. ஆனால் அந்தப் பெண் முழங்கையில் இடித்துக்கொண்டு உதறுகிறாள் பார், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"வர வேண்டாம்னீங்க?"

"சொன்னேன். தப்பு."

பிப்ரவரி 26

கந்தன் பட்டறையில்தான் எங்கள் லாரிக்கு பாடி கட்டியது. அங்கே போய்ச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "அட்டாச்டு பாத்ரூமுங்களா? ஷவரும் வெச்சுருலாங்களா?" எனக்கு மூஞ்சி எரிந்தது. இவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சிரித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, "எப்ப முடியும்?" என்றார்.

டேங்க் எதற்கு, குழாயை நேராக ரோட்டில் விட்டுவிடலாமே, யாருக்குத் தெரியும் என்றார் கந்தன்.

"பின்னால பைக்ல குழந்தைய வெச்சுக்கிட்டு ஒருத்தன் வருவானுங்க. அவன் மேல அடிக்கும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் செபஸ்தியான் கீழே குனிந்து சேஸிஸைப் பார்த்தார். சேலத்துக்காரர், பால் டேங்கருக்கு எவர்சில்வர் வேலை செய்தவர். "டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம் எடம் இருக்குதுங்க. பேட்டரி பெட்டிய ஒரு அடி தள்ளுனாப் போதும். அறுபது லிட்டர் தொங்கவிடலாம்."

மார்ச் 2

இன்று என்னை அளந்தார். பட்டறையில் மற்றவர்கள் முன்னால் அளக்க விடமாட்டேன் என்று வீட்டிலேயே. ஸ்டூலில் உட்காரச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் முழங்கால் உயரம், தோள் அகலம், எழுந்திருக்கும்போது தலை எங்கே வருகிறது என்று கோடு போட்டார். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். ஜாக்கெட் அளவுகூட இந்த மனுஷனுக்குத் தெரியாது.

"பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க எந்தக் கை உனக்கு வாகு?"

"வலது கைங்க."

வலது பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி வரைந்தார்.

மார்ச் 6

மாட்டியாகிவிட்டது. பின்னால் படுக்கிற பலகையில் பாதி, மூடி மாதிரித் தூக்கலாம். உள்ளே எவர்சில்வர் பேசின். மிதித்தால் திறக்கிற வால்வு. கேபின் தரையில் ஓட்டை போட்டு, குழாய் நேராகக் கீழே டேங்குக்கு. டேங்கின் அடியில் காலி செய்ய ஒரு வால்வு, பூட்டோடு. சுற்றிலும் திரை. திரைத் துணி மட்டும் நான் எடுத்தேன். மயில் கழுத்து நிறம்.

மார்ச் 9

ஐயோ.

முழுசாக எழுதினால்தான் ஆறும். சோதனைக்கு என்று டேங்கில் முக்கால்வாசி தண்ணீரும் பினாயிலும் ஊற்றிக்கொண்டு தருமபுரி வரை போனோம். போகும்போதே, இவர் டீ குடிக்க இறங்கியபோது, நான் ஒரு தடவை உபயோகித்துவிட்டேன். மூடினாலும் வாசனை கொஞ்சம் இருந்தது, பரவாயில்லை. திரும்பி தொப்பூர் இறக்கத்தில் அவர் ஓட்ட, நான் பலகையில். முன்னால் ஒரு டிரெய்லர் திடீரென்று நின்றது. இவர் பிரேக் போட்டார். கீழே டேங்கில் மொத்தமும் முன்பக்கம் பாய்ந்து, போக வழியில்லாமல், குழாய் வழியாக மேலே வந்து, வால்வைத் தள்ளி, மூடியை எத்திக்கொண்டு — பலகை, போர்வை, திரை, என் புடவை, கால் எல்லாம்.

ஓரம் கட்டினார். என்னைக் கைப்பிடித்து இறக்கினார். கேனில் இருந்த தண்ணீரை எடுத்து, கீழே குந்தி உட்கார்ந்து, என் காலைக் கழுவினார். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், கேட்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். பக்கத்தில் போகிற லாரிக்காரன் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. அவர் நிமிர்ந்தார், கண் கலங்கியிருந்தது. "போதும் புள்ள. விட்டுருலாம். என்னால முடியல."

"நீங்க விட்டா நான் செபஸ்தியான்கிட்ட நேராப் போய்க்குவேன்" என்றேன். "எந்திரிங்க. நான் ஓட்டறேன்."

ஊர்வரை நானே ஓட்டினேன். ஒரு மாதம் கழித்து. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான். அந்த நாற்றத்திலும் — என்ன சொல்ல — நல்லா இருந்துச்சு.

மார்ச் 10

படகு வீடியோவை ஏழு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவைதான் கண்ணில் பட்டது. டேங்கின் மேல்பக்கம் அந்தப் பெண் இன்னொரு குழாயையும் மாட்டுகிறாள். சின்னது, விரல் தடிமன். அது படகின் பக்கவாட்டில் வெளியே போய்த் திறந்து நிற்கிறது. அதில் எதுவும் ஊற்றுவதில்லை. காற்றுக்குத்தான் அது!

"அதுக்கு மூச்சு விட வழி வேணுமுங்க. நம்ம வைக்கவே இல்ல."

இவர் செல்போனை வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மார்ச் 13

செபஸ்தியான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பால் டேங்கருக்குள்ள குறுக்கால தகடு வெப்போமுங்க அக்கா, பிரேக் போட்டாப் பால் பாயாம இருக்க. இதுக்கும் வெச்சிருக்கோணும். சின்ன டேங்குதானேன்னு உட்டுட்டேன். என்ற தப்புங்க." டேங்கைப் பிரித்து இரண்டு தகடு வைத்தார். காற்றுக்குழாயை கேபின் முதுகோடு மேலே ஏற்றி, உச்சியில் வளைத்துவிட்டார். குழாய் எங்கே வரவேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார்.

மார்ச் 15

தொப்பூர். இரண்டு தடவை இறங்கினோம். ஒரு சொட்டு மேலே வரவில்லை.

மார்ச் 19. கர்னூல் தாண்டி

மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம், நானும். காலையிலிருந்து ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டேன். பதினோரு மணிக்கு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, திரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. முட்டிக்கொண்டிருக்கிறது, வரவில்லை! நாலடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்கிற கூச்சம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் பார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. கதவு திறந்து மூடுகிற சத்தம். பிறகு டயர் ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம், தூரமாகப் போய்க்கொண்டே. பத்து டயரையும் தட்டினார். திரும்ப முதலிலிருந்து தட்டினார்.

நான் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஏறினார். "காத்து எல்லாம் சரியா இருக்குது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 31. சங்ககிரி

டேங்கைக் காலி செய்வதில் சண்டை. வீட்டு செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து, ஹோஸ் மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு அவரே வேலையில் இறங்கிவிட்டார். நான் செய்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நம்மாளுக செய்யற வேலையா குமாரசாமி? யாரையாச்சும் வெச்சுச் செய்யக் கூடாதா?" என்றார்.

"யாரை வெக்கறதுங்க அக்கா? எங்களுது. நாங்கதான் எடுக்கோணும்."

அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் ஹோஸின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இவர் தடுக்கவில்லை.

ஏப்ரல் 11

ரத்தம், சிறுநீர் இரண்டும் பார்த்தார்கள். கிருமி இல்லை. கிட்னி சரியாக இருக்கிறது. டாக்டரம்மா டேங்க் விஷயத்தை முழுவதும் கேட்டார், படம் வரைந்து காட்டச் சொன்னார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

மே 20. நாக்பூருக்கு முன்னால்

தனப்பிரியாவுக்கு லீவு. "நானும் வாரேன், உங்க வண்டில என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். முன்பென்றால் பெண்பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று நானே ஆயிரம் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை ஒரு பை அதிகம், அவ்வளவுதான்.

நேற்று முழுவதும் வாய் ஓயவில்லை அவளுக்கு. கேபினை அளந்தாள், திரையைப் படம் எடுத்தாள், அப்பாவிடம் கியர் போடுவது எப்படி என்று கேட்டாள். இன்று விடியற்காலை நான் ஓட்ட வந்தபோது எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பாலத்தில் எதிரே இரண்டு டிரெய்லர், ஒன்றையொன்று முந்திக்கொண்டு. நான் ஒதுங்கி, நின்று, வழிவிட்டு எடுத்தேன். பிடித்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

வெளிச்சம் வந்ததும் அவளுக்கு போன். கூடப் படிக்கிற பெண்.

"சத்தமாப் பேசாதடி" என்றாள் மெதுவாக. "அப்பா தூங்கறாரு. அம்மா வண்டி ஓட்டறாங்க."

நான் வெளிக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.