வெளியே தாழ்ப்பாள் வைத்த கதவு

என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ வாழப்போன பெரிய வீட்டைப் பார்க்க இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள். செஞ்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நானும் ஒன்று வாங்கினேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டு ஆள் யாரையும் கூடத்தைத் தாண்ட விடாத வீடு. இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

சுற்றிக்காட்டும் பெண் நம் பக்கத்துப் பிள்ளைதான். தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி, வேட்டைத் துப்பாக்கி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த வீட்டுப் பெண்கள் ராணி மாதிரி இருந்தார்கள் என்றாள்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. கதவுக்கு வெளியே மட்டும் தாழ்ப்பாள். பள்ளிக்கூடம் போகாமல் நானாகக் கற்ற எழுத்தில் பலகையைப் படித்தேன்: தானிய அறை.

“நெல்லு வெக்கிற ரூம்பு தாத்தா. அதான் தாப்பா வெளியில இருக்குது” என்றாள் அந்தப் பெண்.

உள்ளே போய்க் கதவின் பின்புறத்தைப் பார்த்தேன். உன் கை எட்டும் உயரத்தில் கறுப்புக் கறுப்பாக விரல் தடங்கள். கண்ணுக்கு மை இட்டுவிட்டு மிச்சத்தைக் கதவில் துடைக்கிற உன் பழக்கம். அதற்காக அம்மாவிடம் எத்தனை திட்டு வாங்கியிருப்பாய்.

“நெல்லு கண்ணுக்கு மை வெச்சிக்குமாம்மா?” என்று கேட்டேன். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து தொட்டுப் பார்த்தாள்.

பிள்ளை இல்லையென்று உள்ளே போட்டு அடைக்கிறார்கள் என்று நீ ஓடிவந்து சொன்னாய். நைனா மறுநாளே உன்னை அந்த வீட்டுக்கே திரும்ப பஸ் ஏற்றிவிட்டார். அக்கா சொல்வது நிஜம் என்று குறுக்கே நின்ற எனக்குக் கன்னத்தில் விழுந்தது. பிறகு, காய்ச்சலில் போய்விட்டாய் என்று ஆள் வந்தது. என்ன காய்ச்சல் அக்கா அது? யார் பார்க்க அந்த அறைக்குள் மை இட்டுக்கொண்டாய்?

ஆபீசில் கேட்டேன். எழுதிக்கொடுத்ததைத்தான் அந்தப் பெண் சொல்ல முடியுமாம். பலகையையும் மாற்ற மாட்டார்களாம். வெளியே வந்தேன். அவள் பின்னாலேயே வந்து மெல்லச் சொன்னாள்:

“அடுத்த மாசம் கதவுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கப்போறாங்க தாத்தா. என்னிக்குன்னு போன் பண்றேன்.”

பெயிண்டர் வரும் நாளில் அந்தக் கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருப்பேன், அக்கா. டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்காருவேன். அடிப்பதானால் முதலில் என் சட்டைமேல் அடிக்கட்டும்.

உன் சொல்லை அன்றைக்கே நம்பிய தம்பி,
ஏழுமலை