பச்சைக் கூடாரம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் பரிமளம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

நம் மலையில் ஹோட்டன் சமவெளியில் நடந்து, கூடாரம் போட்டுத் தங்கப் போகும் நிமலன் அண்ணா, நான் வேலை செய்யும் வீட்டு மாமியின் மகன், சமைக்க என்னையும் சனிக்கிழமை கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா? நேற்று இங்கே கொழும்பில், வெள்ளவத்தையில், வீடு வீடாக இராணுவச் சோதனை. பச்சைக் கூடாரமும் கயிறும் கோடு போட்ட மலை வரைபடமும் கட்டிலில் கிடந்தன.

"காட்டுல யாரப் பாக்கப் போற?" என்றார் ஆமிக்காரர்.

அண்ணா அடையாள அட்டையைத் தேடினார். எனக்கு எப்படி வாய் வந்ததோ, தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "அது எங்க ஊரு மலைங்க சேர். மான் பாக்கப் போறாங்க."

அவர் சிரித்தார். கூடாரத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணாவை விட்டுவிட்டார்.

"மலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வீட்டில இரு" என்று மாமி அண்ணாவிடம் சொல்லிவிட்டார்.

பயப்படாதீர்கள். தங்கச்சி போடும் என் பழைய கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள். இங்கே குளிர் இல்லைதான். மாமி கூப்பிடுகிறார். சனிக்கிழமை நம் ஓஹியா ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டாம், அம்மா.

பரிமளம்