ஐந்தாம் கட்டத்துப் பாட்டு

நீங்கள் கண்மூடிய பிறகு முதல் முறையாக உங்கள் கிடார் பெட்டியை இன்று திறந்தேன். பழைய வெல்வெட்டும் துருவேறிய கம்பியும் கலந்த அந்த வாசனை அப்படியே இருக்கிறது. மாதா கோவில் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். உள்ளே உங்கள் பாட்டு நோட்டு இருந்தது. பழைய சந்தேகமும் கூடவே எழுந்து வந்துவிட்டது.

பட்டினப்பாக்கத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் நான். உங்களை மட்டும் சும்மா நம்பிவிடுவேனா? சாந்தோமில் எந்தக் கல்யாண வரவேற்பு என்றாலும் நீங்கள் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுத்தான் பாடுவீர்கள். எல்லாப் பாட்டிலும் ஒருத்தன் ஒருத்தியை விட்டுவிட்டு வந்து வருந்துவான். "யாருங்க அவ?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எவளும் இல்லம்மா. விட்டுட்டு வந்தாத்தான் கன்ட்ரி பாட்டு" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே பாடுகிறவர் பெயரும், அவர் குரலுக்குக் கிடாரின் எந்தக் கட்டத்தில் கேப்போவை மாட்ட வேண்டும் என்பதும் குறித்திருப்பீர்கள். அந்தக் கிளிப்பை மாட்டும் கட்டம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். உங்களுக்கு எப்போதும் இரண்டுதான். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஐந்து. பெயர் இல்லை. பெண் குரல் என்று எனக்கு உடனே பட்டது.

நம் இருபத்தைந்தாவது திருமண நாளில் அந்தப் பாட்டுக்குத்தான் மைக்கை என் பக்கம் நீட்டினீர்கள். எவளோ பாடிய பாட்டை நான் பாடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதே ஐந்தாம் கட்டத்தில் நீங்களே பாடினீர்கள். குரல் எட்டாமல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவளை நினைத்துத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை உங்களோடு பேசவில்லை.

இன்று கிடாரை எடுத்துப்போக வந்தது உங்களோடு வாசித்த வில்சன். நோட்டைக் காட்டி, யாருடைய சுருதி இது என்று கேட்டேன்.

"இன்னா அண்ணி, இது உங்களுதுதான். நீங்க சமையல் ரூம்ல முணுமுணுத்துக்கினு இருப்பீங்கல்ல, அண்ணன் ஹால்ல குந்திக்கினு கிடார்ல அத்த தேடிக் கண்டுபுடிச்சாரு. ஒரு தபா உங்கள மேடைல பாட வெச்சுடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"அப்ப ஏன் பேர் போடல?"

"நீங்க பாடினப்புறம் போடறேன்னாரு."

என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறானோ என்று அப்போதும் சந்தேகம்தான். ஐந்தாம் கட்டத்தில் மாட்டி வாசிக்கச் சொன்னேன். மெதுவாகப் பாடிப் பார்த்தேன். உங்கள் குரல் உடைந்த இரண்டு இடங்களிலும் என் குரல் உடையவில்லை. அதன் பிறகுதான் அழுதேன்.

கிடார் போய்விட்டது. நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரை நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.