அந்த வெள்ளைக் கோடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கிளினிக் வாசலெல்லாம் செருப்புச் சேறு. கம்ப்ரஸர் மறுபடி இரைகிறது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். சின்ன சைஸ் கையுறை தீர்ந்தது.

பதினொன்றரைக்கு வசந்தாமணி அக்கா. சூலூருக்குப் பக்கத்து ஊர், சொந்தத் தறி. கையில் முருங்கைக்காய்க் கட்டு, எனக்காக. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கீழ் வலது கடைவாய்ப் பல், நான் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டது. ஈறில் திரும்பவும் சீழ்க் கொப்புளம். மூன்றாவது தடவை.

உட்காரும் முன்பே மன்னிப்பு. "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரம்மா. நானே ஏதோ கடிச்சுப்போட்டனாட்ட இருக்குதுங்க. உங்களுக்குத்தான் தொந்தரவு."

எனக்குத் தொந்தரவாம்!

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் ஒன்றுகூட அவர் தொடவில்லை. நாலு வருடமாக வலது பக்கம் மெல்வதே இல்லை. அப்படியும் வந்துவிட்டதே என்று கூனிக்குறுகுகிறார். வெளியே ஹாலில் அவர் வீட்டுக்காரர் சத்தமாக யாரிடமோ சொல்வது கதவு தாண்டிக் கேட்டது: "வாயக் கட்டத் தெரியாதவளுங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவுக்கும் கேட்டது.

ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினேன். போன தடவை எழுதிய அதே மாத்திரை. சரசு அக்கா (கிளினிக் திறந்த நாளிலிருந்து என் உதவியாளர்) சீட்டைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் மாத்திரைதானுங்களா என்றார். காதில் விழாத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. கம்ப்ரஸர் சரி. பெல்ட் தேய்மானமாம்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

நாலு வருடம் முன்னால், அந்தப் பல்லின் வேரைச் சுத்தம் செய்யும்போது ஃபைல் உடைந்தது. ஊசி மாதிரி மெல்லிய கருவி. அதன் நுனி, மூன்று மில்லிமீட்டர் இருக்கும், வேருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. வெளியே கூட்டம், எனக்குப் பசி. துண்டை உள்ளேயே விட்டு, மேலே அடைத்து மூடிவிட்டேன்.

ஃபைல் யார் கையிலும் உடையும். உடைந்தால் பேஷண்டிடம் அப்போதே சொல்ல வேண்டும் என்பதையும் கல்லூரியில் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சொல்லவில்லை. சரசு அக்கா எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு எக்ஸ்ரேயைக் காட்டியபோது வசந்தாமணி அக்காவே கேட்டார், அந்த வேரில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே, அது என்னங்க என்று. மருந்துங்க அக்கா என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அதைவிடக் கேவலம், முதல் தடவை வீங்கி வந்தபோது. கெட்டியாக எதையாவது கடித்தீர்களா என்று நானே எடுத்துக்கொடுத்தேன். பாவம், ரொம்ப யோசித்து, வறுத்த கல்லக்கா (நிலக்கடலை) தின்றதாகச் சொன்னார். "அதுதான்" என்றேன்.

சீ.

நவம்பர் 7, வெள்ளி

நித்யாவுக்கு போன். கூடப் படித்தவள், கோவையில் வேர் சிகிச்சை மட்டும் செய்கிறாள். எக்ஸ்ரேயை அனுப்பினேன். வேறு எங்கேயோ செய்த கேஸ் என்றேன். வாய் கூசவே இல்லை.

எலும்பு நன்றாக இருக்கிறது, துண்டை எடுத்துப் பார்க்கலாம், வராவிட்டால் வேர் நுனியில் சின்ன ஆபரேஷன். பல்லை மட்டும் பிடுங்கிவிடாதே என்றாள். அப்புறம், "செஞ்சவங்க பேஷண்ட்கிட்ட சொல்லவே இல்லையா? என்ன மனுசங்களோ போ!"

நானும் சேர்ந்து உச்சுக்கொட்டினேன்.

அவளுக்குக் கொடுத்தனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உடைந்த கருவி என்று எழுதாமல் அனுப்ப முடியாது. எழுதினால் சிகிச்சை செய்தது யார் என்று அக்கா வாயிலிருந்தே வந்துவிடும். லெட்டர்பேடில் மூன்று தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 8, சனி

லேசான வெயில். கையுறை வந்தது, தப்பு சைஸ்.

அக்கா வந்தார். வீக்கம் வடிந்திருக்கிறது. பல்லை எடுத்துவிடலாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல் போனால் துண்டும் போகும். அடுத்த எக்ஸ்ரேயில் கோடு இருக்காது. கடிதம் வேண்டாம், நித்யா வேண்டாம்.

எதற்கு, வேறு வழியில்லையா என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவே இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?" திங்கட்கிழமை பத்து மணி என்று முடிவானது. போகும்போது முருங்கைக்காய் நன்றாக இருந்ததா என்று விசாரித்தார். நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

பெருந்துறையில் பெரியப்பா வீட்டு விசேஷம். வழக்கம்போலப் பந்தியில் நாலு பேர் வாயைத் திறந்து காட்டினார்கள். பெரியம்மா எல்லாரிடமும், நம்ம அம்மணி கைராசிக்காரி என்றார். பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

மழை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்தார்.

மரத்துப்போக ஊசி எடுத்துக் கையில் வைத்திருந்தேன். அக்கா வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டார். சரசு அக்கா குறடைத் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசியைக் கீழே வைத்தேன். நாற்காலியை நிமிர்த்தினேன்.

அந்த வெள்ளைக் கோடு மருந்து இல்லைங்க அக்கா என்று ஆரம்பித்தேன். மற்றது வரிசையாக ஞாபகமில்லை. என் கையில் உடைந்தது, மறைத்தது, இந்தப் பல்லை எடுக்கவே வேண்டியதில்லை, கோவையில் காப்பாற்றப் பார்க்கலாம் என்பது, எல்லாம் சொன்னேன். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் கர்சீப்பை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நாங் கடிச்சதால இல்லீங்களா?"

இல்லைங்க அக்கா.

"கல்லக்கா தின்னதாலயும் இல்லீங்களா?"

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்றேன்.

நாலு வருசம் என்றார், தனக்குத்தானே. கண் கலங்கியது. அப்புறம் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். குரலில் எப்போதும் உள்ள அதே மரியாதை.

"எங்கூட்டுக்காரரு வெளிய உக்காந்திருக்காருங்க. அவருகிட்ட நீங்களே இதச் சொல்லிப்போடுங்க."

உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க. நாலு பேரு இருக்கறப்பத்தானுங்க அவரு என்னயச் சொல்லுவாரு."

சரசு அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஹாலில் ஏழு பேர்.