தார் ரோட்டில் ஃபோர்வீல்

2011 ஆனி, புதன் இரவு.

பூலோகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சகல மரியாதைகளோடும் எழுதத் தொடங்குகிறேன்.

மருமகன் ஜெபாவின் ஃபோர்வீல் பிக்கப், மூன்று நாளாக வளைவுகளில் கடகடவென்று அரைக்கிறது. குலசேகரத்து மெக்கானிக் இன்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரப்பர் தோட்டத்துச் சகதியில நாலு சக்கரமும் இழுக்க ஃபோர்வீல் லிவரப் போட்டது சரி. காஞ்ச தார் ரோட்டிலயும் அந்த லிவர எடுக்காம ஓட்டியிருக்கு. முன்சக்கரமும் பின்சக்கரமும் மல்லுக்கட்டி கியர் பல்லு போச்சு."

ஜெபா டிரைவர் தங்கையனை முறைத்தான்.

"சத்தியமா நான் இல்ல மொதலாளி" என்றான் தங்கையன். பதினோரு வருடமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டுகிறவன்.

போன ஞாயிறு தோட்டத்திலிருந்து வண்டியை ஓட்டி வந்தது நான்தான், லிவரை எடுக்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்; கதை அளந்தே பழகிய வாய். முன்சக்கரம் திருவனந்தபுரத்துக்கும் பின்சக்கரம் நாகர்கோவிலுக்கும் இழுத்தன, பேச்சிப்பாறை மலையே பின்னால் உருண்டு வந்தது, யானை ஒன்று ஒதுங்கி நின்று எனக்குச் சலாம் போட்டது என்றும் சேர்த்துவிட்டேன்.

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமா, அவனக் காப்பாத்த இப்பிடிப் புளுகாதயும்" என்ற ஜெபா, தங்கையனிடம் கை நீட்டிச் சாவியை வாங்கினான். "நாளைக்கு வரண்டாம்."

வாசலில் தங்கையன் என் கையைப் பிடித்தான். "எனக்காவ பொய் சொன்னீரே அண்ணாச்சி, அது போதும்."

நான் வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திறந்தேன்.

மலையும் யானையும் பொய். லிவரை எடுக்க மறந்தேனே, அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம்.